புது வள்ளமே வாங்கு என்பவர்களுக்கு

தூத்துக்குடி மாவட்டத்துக் குளத்தூர் பஜாரில் கடல் தொழிலைப் பற்றிப் பேச்செடுத்துப் பாருங்கள். பேசுகிறவர் மிளகாய் போடுகிற கரிசல்காட்டு விவசாயியாக இருந்தாலும் சரி, கீழவைப்பாரிலிருந்து சாமான் வாங்க வந்த மீனவராக இருந்தாலும் சரி, தீர்ப்பு ஒன்றாகத்தான் இருக்கும். "கடன உடன வாங்கியாவது புது வள்ளமா எடுத்துரணும்லே. பழச வாங்குறவன் அடுத்தவன் தலவலியக் காசு குடுத்து வாங்குறான்." இதைச் சொல்கிறவர்களிடம் கெட்ட எண்ணம் கிடையாது. மாமனார் மருமகனுக்குச் சொல்கிறார், அண்ணன் தம்பிக்குச் சொல்கிறார். அக்கறையோடு சொல்லப்படுவதாலேயே இந்த யோசனையை யாரும் எதிர்த்துக் கேட்பதில்லை. ஆனால் கையில் கொஞ்சம் பணத்தை வைத்துக்கொண்டு முதன்முதலாகச் சொந்த வள்ளம் எடுக்க நினைக்கிற குடும்பத்துக்கு இதைவிடக் கேடான யோசனை இருக்க முடியாது என்பது என் உறுதியான எண்ணம்.

எந்த வள்ளம், எந்தக் கடல் என்பதை முதலில் தெளிவுபடுத்திவிடுகிறேன். தருவைகுளத்துப் படகுகளைப் போல நாள்கணக்கில் ஆழ்கடலில் தங்கி வலை விடுகிற பெரிய படகுகளைப் பற்றி நான் பேசவில்லை. அவற்றின் முதலும் வேறு, கணக்கும் வேறு. கீழவைப்பார், சிப்பிகுளம், வேம்பார் கரைகளில் மணலில் ஏற்றி வைத்திருக்கிற சின்ன ஃபைபர் வள்ளத்தைத்தான் சொல்கிறேன். இரண்டு மூன்று பேர் தொழிலுக்குப் போவது. பின்முனையான அமரத்தில் ஒரு அவுட்போர்டு எஞ்சின், அல்லது சின்ன டீசல் எஞ்சின். விடியுமுன் போனால் பகலுக்குள் கரை திரும்பிவிடும். நண்டு வலை, சாளை வலை, கணவாய்த் தூண்டில், சங்கு குளிப்பு என்று இந்தக் கரையின் பாதிப் பிழைப்பு இதன் மேல்தான் நடக்கிறது.

எதிரே இருக்கிற கடலும் அப்படிப்பட்டதுதான். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் உப்புத்தண்ணி, புலுவினிச்சல்லி, நல்லதண்ணி மூன்றும் வேம்பார்ப் பக்கம். வான், காசுவார், கரியாச்சல்லி, விலாங்குச்சல்லி நான்கும் தூத்துக்குடிப் பக்கம். இவற்றில் விலாங்குச்சல்லி தண்ணீருக்குள் போய்விட்டது, கரியாச்சல்லி தேய்ந்துகொண்டே வருகிறது. 1986-ல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டதிலிருந்து தீவுகளை ஒட்டித் தொழில் செய்யக் கூடாது. கரையை ஒட்டிய கடலில் விசைப்படகுகள் தொழில் செய்யக் கூடாது என்கிறது 1983-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம். அந்தச் சட்டம் ஒதுக்கிய கடலில் பூங்கா போக மிஞ்சுகிற, அடியில் பாறைகள் கொண்ட ஆழம் குறைந்த பார்க்கடலே சிறு வள்ளக்காரரின் வயல். அங்கே தொழில் செய்யப் பெரிய வேகமோ பளபளக்கும் வண்ணமோ வேண்டாம். தண்ணீர் புகாத அடியும், நடுக்கடலில் நின்றுபோகாத எஞ்சினும் போதும். இரண்டும் பழசிலும் கிடைக்கும்.

"நல்லா இருந்தா அவன் எதுக்கு விக்கிறான்?" புதுசுக் கட்சியின் முதல் கேள்வி இது. இதை லேசாகத் தள்ளிவிட முடியாது. ஜார்ஜ் ஆக்கெர்லாஃப் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் 1970-ல் பழைய கார்ச் சந்தையை வைத்து இதே கேள்வியை எழுப்பினார். வண்டியின் குறை விற்கிறவருக்குத் தெரியும், வாங்குகிறவருக்குத் தெரியாது. ஆகவே வாங்குகிறவர் எதற்கும் குறைத்தே கேட்பார். அந்த விலைக்கு நல்ல வண்டியை யாரும் தர மாட்டார்கள், கடைசியில் சந்தையில் மோசமான வண்டிகளே மிஞ்சும். இந்த வழியில் அவர் செய்த ஆய்வுகளுக்காக 2001-ல் வேறு இருவரோடு சேர்த்து நோபல் பரிசும் கொடுத்தார்கள். வாதம் வலுவானது. ஆனால் அதன் அஸ்திவாரம் வாங்குகிறவரின் அறியாமை. முகம் தெரியாத ஊரில் முகம் தெரியாத ஆளிடம் வாங்கும்போதுதான் அது முழுக்கப் பொருந்தும்.

நம் கடற்கரை ஊர்களில் ஒரு வள்ளத்தின் சரித்திரத்தை மறைக்க முடியுமா? எந்த வருஷம் எடுத்தது, எந்தப் பாரில் தட்டி அடி கிழிந்தது, யார் வந்து ஃபைபர் ஒட்டியது, எஞ்சின் எத்தனை தடவை பிரிக்கப்பட்டது என்று ஊரில் நாலு பேருக்காவது தெரிந்திருக்கும். அந்த வள்ளத்தில் பங்குக்குப் போய் நின்றுவிட்ட ஆளைக் கேட்டால் உண்மை வந்துவிடும். எஞ்சின் பார்த்த மெக்கானிக்கைக் கேட்டால் மிச்சமும் வந்துவிடும். விற்கிற காரணமும் பெரும்பாலும் வீட்டுக் காரணமாகவே இருக்கிறது. மகன் கப்பல் வேலைக்கோ வளைகுடா நாடுகளுக்கோ போய்விட்டால் வயதான தகப்பனால் தனியாக வலை இழுக்க முடியாது. பெண்ணுக்குக் கல்யாணம் வரும். ஒருவர் பெரிய படகுக்கு மாறுவார், இன்னொருவர் கடன் தாங்காமல் கையை விடுவார். இந்தக் காரணங்களில் எதுவும் வள்ளத்தின் குற்றம் ஆகாது.

கரிசல்காட்டுக்காரர்கள் இந்த விஷயத்தில் புதுசுக் கட்சியில் இருப்பதுதான் எனக்கு வியப்பு. உழவுமாடு வாங்கிய தலைமுறை இன்னும் உயிரோடு இருக்கிறது. பல்லைப் பிடித்துப் பார்த்து, சுழி பார்த்து, நடக்கவிட்டு, நுகத்தில் பூட்டி ஒரு சால் ஓட்டிப் பார்த்துத்தான் விலை பேசினார்கள். அடுத்தவன் வளர்த்த மாடு வேண்டாம், கன்றிலிருந்தே வளர்த்துக்கொள் என்று எந்தத் தகப்பனாவது மகனுக்குச் சொன்னதுண்டா? பார்க்கத் தெரிந்தவனுக்குப் பழகின மாடே பத்திரம் என்று தெரிந்திருந்தவர்கள், கடல் என்றதும் அந்தப் புத்தியைக் கரையிலேயே விட்டுவிடுகிறார்கள்.

இனி கடனுக்கு வருவோம். நான் இதை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

புது வள்ளம், புது எஞ்சின், வலை மூன்றும் சேர்ந்தால் சாதாரண மீனவக் குடும்பத்தின் சேமிப்புக்குள் அடங்காது. வங்கிக்குப் போனால் ஈடு கேட்பார்கள். நகையை வைத்தாலும் பற்றாது. மிச்சத்துக்கு வியாபாரியிடம்தான் போக வேண்டும். அவர் முன்பணம் தருவார், பெரும்பாலும் வட்டி என்று எதுவும் கேட்க மாட்டார். கேட்பது ஒன்றுதான்: பிடிக்கிற மீனை எனக்கே போட வேண்டும். வட்டியில்லாக் கடன் என்று கேட்கும்போது தர்மம் போலத் தோன்றும். விற்கிற மீனுக்கு நூற்றுக்கு இத்தனை என்று கழிவு எடுப்பார், விலையையும் அவரே போடுவார். அந்தக் கழிவு ஏலம் போட்டதற்கான கூலி. முன்பணத்தில் ஒரு ரூபாயும் அதனால் குறையாது.

ஒரு பேச்சுக்குக் கணக்குப் போடுவோம். முன்பணம் இரண்டு லட்சம். வருஷத்துக்கு ஐந்து லட்ச ரூபாய்க்கு மீன் பிடிக்கிறார். கழிவு நூற்றுக்கு ஐந்து என்று வைத்தாலே வருஷம் 25,000 ரூபாய் போகிறது. எட்டு வருஷத்தில் இரண்டு லட்சம் கொடுத்தாகிவிட்டது, முதல் இரண்டு லட்சம் அப்படியே நிற்கிறது. கிலோவுக்குப் பத்து ரூபாயோ இருபது ரூபாயோ குறைத்துப் போட்டிருந்தால் அது தனி. மன்னார் வளைகுடா நண்டின் சதை பதப்படுத்தப்பட்டு அமெரிக்காவரை போகிறது. வெளிச்சந்தையில் விலை ஏறுகிற நாளில் முன்பணம் வாங்கியவர் வேறு வியாபாரிக்குப் போட முடியாமல் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். வள்ளத்தில் அவர் பெயர் எழுதியிருக்கலாம். மீனை விற்கிற உரிமை அவரிடம் இல்லையென்றால் அது எப்படி அவருடைய வள்ளம் ஆகும்?

இது என் கற்பனைக் கவலை இல்லை. கேரளத்தில் திருவனந்தபுரத்துக்கு வடக்கே மரியநாட்டு மீனவர்கள் இந்தப் பிடியிலிருந்து வெளியே வரத்தான் தங்கள் மீனைத் தாங்களே ஏலம் போடும் சங்கத்தைக் கட்டினார்கள். அப்படி எழுந்த சங்கங்கள் சேர்ந்து 1980-ல் தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு ஆயின. குமரி மாவட்டத்துக்கும் அந்த வழி வந்தது. படகு கொடுப்பதைவிட விற்பனை உரிமையை மீட்பது முதல் வேலை என்று அவர்கள் கண்டதில் நமக்குப் பாடம் இருக்கிறது. அப்படிப்பட்ட சங்கம் கையெட்டும் தூரத்தில் இல்லாத ஊரில், ஒரு தனி மீனவர் அந்த உரிமையைத் தன் கையில் வைத்துக்கொள்ள இருக்கிற வழி, கைக்காசுக்குள் அடங்குகிற வள்ளத்தை எடுப்பதுதான். கைக்காசுக்குள் அடங்குவது பழைய வள்ளம்.

கடன் இன்னொன்றும் செய்கிறது. ஆடியில் கச்சான் காற்று எழும்பினால் இந்தக் கரையில் கடல் கொந்தளிக்கும். அதே காற்றுதான் கரிசல் காட்டில் புழுதியைக் கிளப்புகிறது. ஐப்பசி, கார்த்திகையில் புயல் எச்சரிக்கை வந்துகொண்டே இருக்கும். வருஷத்தில் கடலுக்குப் போகக் கூடாத நாட்கள் கணிசமானவை. சொந்தக் காசில் வாங்கிய வள்ளம் அந்த நாட்களில் சும்மா கிடந்தால் அன்றைய வருமானம் மட்டும்தான் போகும். தவணையில் வாங்கிய வள்ளம் சும்மா கிடக்க முடியாது. மாசம் பிறந்தால் ஆள் வந்து நிற்பார். "காத்து கொஞ்சம் அடங்குன மாதிரி இருக்கு, போய்ட்டு வந்துருவோம்" என்று கிளம்புகிறவர்களில் எத்தனை பேரைக் கடன் தள்ளிவிடுகிறது என்று யோசியுங்கள். பழைய வள்ளம் உயிருக்கு ஆபத்து என்கிறவர்கள் இந்த ஆபத்தை ஒருநாளும் கணக்கில் எடுப்பதில்லை.

சரி, அந்த உயிராபத்து வாதத்தையே பார்ப்போம். புதுசு என்றால் பத்திரம் என்ற நம்பிக்கைக்குத் தமிழ்நாட்டுக் கடற்கரை ஏற்கெனவே ஒரு பெரிய விலை கொடுத்திருக்கிறது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு தொண்டு நிறுவனங்கள் ஃபைபர் படகுகளை அள்ளி அள்ளிக் கொடுத்தன. அந்தத் தேவைக்கு ஈடுகொடுக்கக் கரையெங்கும் திடீர்ப் பட்டறைகள் முளைத்தன. அங்கிருந்து வந்தவற்றில் பல, அனுபவமில்லாத கைகளால், பற்றாத கண்ணாடியிழைப் பாயும் பற்றாத பிசினும் போட்டு அவசரத்தில் வார்த்த படகுகள். தரம் போதவில்லை என்று மீனவர்களே சொன்னார்கள். ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனம் போன்றவை ஃபைபர் படகுக் கட்டுமானத்துக்குத் தர வழிகாட்டிகளும் பயிற்சியும் கொடுக்க முன்வந்த பின்னணியும் இதுதான். அந்தப் படகுகள் அத்தனையும் அன்றைக்குப் பளபளவென்று புதுசாகத்தான் இருந்தன.

ஃபைபரின் இயல்பைத் தெரிந்துகொண்டால் இது விளங்கும். மரம்போல அதைப் புழு அரிக்காது, இரும்புபோலத் துருப்பிடிக்காது. வெயிலில் மேற்பூச்சு வெளுத்துப் பொடியாகும், அது அழகுக் குறை மட்டுமே. பெரும்பாலும் கட்டும்போது செய்த கோளாறுகள்தான் அதைக் கொல்லும். பாய்கள் ஒன்றோடொன்று சரியாகப் பிடிக்காமல் விடுவது, உள்ளே கட்டை வைத்த இடத்தில் தண்ணீர் புக வழி விடுவது போன்றவை. இந்தக் கோளாறுகளில் பல முதல் சில வருஷங்களிலேயே வெளியே வந்துவிடும். எட்டு வருஷம் அலையில் அடிபட்டும் அடி இறுகி நிற்கிற வள்ளத்தைக் கடலே சோதித்துக் கொடுத்திருக்கிறது. பட்டறையிலிருந்து நேற்று வந்த வள்ளத்தை இன்னும் யாரும் சோதிக்கவில்லை.

மானியத்தைக் காட்டிப் பேசுகிறவர்களும் உண்டு. 2020-ல் தொடங்கிய பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் பயனாளிக்கான மானியம் பொதுப்பிரிவுக்கு 40 விழுக்காடு, பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் பெண்களுக்கும் 60 விழுக்காடு. நல்ல திட்டம், கிடைக்கிறவர்கள் வாங்கிக்கொள்ளட்டும். ஆனால் நாற்பது கிடைத்தால் மிச்சம் அறுபதை யார் தருவது? பழையபடி வியாபாரி வாசல்தான். அதிலும் பாரம்பரிய மீனவருக்குப் படகு தருகிற பிரிவு, பழைய படகுக்கு மாற்றாக என்ற பெயரில்தான் இருக்கிறது. பதிவு செய்த பழைய வள்ளம் ஒன்றைச் சொந்தமாக வைத்திருப்பவர் அந்த வரிசையில் நிற்க வலுவான நிலையில் இருப்பார். பங்குக்குப் போகிறவரிடம் மாற்றிக்கொள்ள என்ன இருக்கிறது?

எதிர்த்தரப்பு சொல்வதில் ஒன்றை நான் முழுமனதோடு ஒப்புக்கொள்கிறேன். எஞ்சின். பழைய வள்ளத்தில் ஏமாந்தவர்களில் பெரும்பாலோர் எஞ்சினில்தான் ஏமாந்திருக்கிறார்கள். உப்புத்தண்ணீர் அலுமினியத்தை உள்ளேயிருந்து தின்னும், வெளியே தெரியாது. பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டுகிற அவுட்போர்டுகளில் கரி படியும். ஆகவே வள்ளத்தையும் எஞ்சினையும் ஒரே பொருளாகப் பேசி ஒரே விலை முடிப்பதுதான் தவறு. தனித்தனியாகப் பாருங்கள், தனித்தனியாக விலை பேசுங்கள். எஞ்சின் தேறாது என்று தெரிந்தால் வள்ளத்தை மட்டும் எடுங்கள். நல்ல எஞ்சின் வேறு ஊரில் கிடைக்கும்.

வள்ளம் பார்க்கப் போகிறவர் அதைத் தண்ணீரில் மிதக்கவிட்டுப் பார்த்தால் மட்டும் போதாது. மணலில் ஏற்றி, ஆள் சேர்த்துக் கவிழ்த்துப் பார்க்க வேண்டும். தூக்கும்போதே ஒரு சேதி தெரியும். அதே அளவு வள்ளத்தைத் தூக்க வழக்கமாக எத்தனை பேர் வேண்டுமோ அதைவிட அதிகம் பேர் தேவைப்பட்டால், உள்ளே மிதவைக்கு வைத்த நுரைப்பலகையில் தண்ணீர் ஏறியிருக்கலாம். முன்முனையான அணியத்திலிருந்து அமரம்வரை, அடித்தண்டான ஏரா நெடுகிலும் சின்னக் கட்டையால் தட்டிக்கொண்டே வாருங்கள். கணீரென்று ஒலிக்கிற இடம் நன்றாக இருக்கிறது. மொத்தென்று ஒலித்தால் அங்கே பாய் பிரிந்திருக்கிறது. எஞ்சின் மாட்டுகிற அமரப் பலகைதான் இந்த வள்ளங்களின் உயிர்நிலை. ஃபைபருக்குள்ளே பிளைவுட் வைத்திருப்பார்கள், போல்ட் ஓட்டை வழியாகத் தண்ணீர் இறங்கி அது ஊறிப்போயிருக்கலாம். எஞ்சினைப் பிடித்து மேலும் கீழும் அசைத்தால் பலகையும் சேர்ந்து வளைகிறதா என்று கவனியுங்கள். வளைந்தால் விலையில் பெரிதாகக் குறைக்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் எழுந்து வந்துவிடுங்கள். விற்பதற்கு முன்தினம் பூசிய புதுப் பெயின்ட் எதையாவது மறைக்கத்தான் பூசப்பட்டிருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். வெளுத்துப்போய் ஒட்டுகள் எல்லாம் கண்ணுக்குத் தெரிகிற வள்ளத்தை நான் அதிகம் நம்புவேன்.

எஞ்சினைப் பார்க்க, விற்கிறவரிடம் சொல்லாமல் காலையிலேயே போய்விட வேண்டும். தொட்டுப் பார்த்தால் குளிர்ந்திருக்க வேண்டும். சூடாக இருந்தால் நீங்கள் வருமுன் ஓட்டிவிட்டிருக்கிறார்கள், குளிர்ந்த எஞ்சின் எடுக்கத் தகராறு செய்யும் என்பதை மறைக்கத்தான். ஓடும்போது பக்கவாட்டில் தண்ணீர் பீச்ச வேண்டும். பீச்சாவிட்டால், விட்டுவிட்டுப் பீச்சினால், குளிர்விக்கும் வழி அடைத்திருக்கிறது அல்லது பம்ப் தேய்ந்திருக்கிறது. கீழே கியர்ப் பெட்டியின் திருகைத் தளர்த்தி இரண்டு சொட்டு ஆயில் விட்டுப் பாருங்கள். பால்போல வெளுத்திருந்தால் உள்ளே கடல் தண்ணீர் புகுந்திருக்கிறது. டிரம்மில் தண்ணீர் நிரப்பி ஓட்டிக் காட்டுவது சோதனையே ஆகாது. ஆள் ஏறி, வலை ஏற்றி, ஒரு மணி நேரமாவது கடலில் ஓட்ட வேண்டும். பாரம் ஏறினால்தான் எஞ்சின் உண்மை பேசும். மெக்கானிக்கை உங்கள் ஊரிலிருந்தோ மூன்றாவது ஊரிலிருந்தோ கூட்டிப் போங்கள். அவருக்குக் கொடுக்கிற கூலியைச் செலவு என்று நினைப்பவர் பழைய எஞ்சின் வாங்கவே கூடாது.

காகிதத்தில் நம்மவர்கள் காட்டுகிற அலட்சியம் எனக்குப் பெரிய வருத்தம். ஊர் முன்னால் பேசிப் பணத்தைக் கொடுத்துவிட்டால் முடிந்தது என்று நினைக்கிறார்கள். மீன்வளத் துறையின் பதிவில் பழைய பெயரே நின்றால் எரிபொருள் மானியம், நிவாரணம் எல்லாம் அந்தப் பெயருக்கே போகும். நடுக்கடலில் கடலோரக் காவல் நிறுத்திக் கேட்டாலும் பதில் இருக்காது. எஞ்சின் எண் பதிவில் உள்ள எண்ணோடு பொருந்துகிறதா என்று தகட்டைப் படித்துப் பாருங்கள். திருட்டு எஞ்சின்கள் கைமாறாத கரை கிடையாது. எல்லாவற்றுக்கும் மேலே, அந்த வள்ளத்தின் மேல் எந்த வியாபாரியின் முன்பணமாவது நிற்கிறதா என்று ஏலக்கரையில் விசாரிக்க வேண்டும். அது எந்தப் பதிவேட்டிலும் இருக்காது. வள்ளம் கைமாறிய மறுநாள் அவர் வந்து நின்றால், கடனைத் தவிர்க்கத்தான் பழசு வாங்கினோம் என்ற கணக்கே கவிழ்ந்துவிடும். ஊர்க் கமிட்டி முன்னிலையில், பாக்கி எதுவும் இல்லை என்று அந்த வியாபாரி வாயாலேயே சொல்ல வைத்து எழுதி வாங்குவது நல்லது.

பணத்தைப் பங்கிடுவதில் என் கணக்கு கறாரானது. கையில் பத்து ரூபாய் இருந்தால் ஏழு ரூபாய்க்கு மேல் விற்பவருக்குப் போகக் கூடாது. மூன்று ரூபாய் வீட்டில் இருக்க வேண்டும். முதல் வருஷத்தில் எஞ்சின் நிச்சயம் ஏதாவது கேட்கும், அமரப் பலகை கேட்கும். அந்த மூன்று ரூபாய் இல்லாதவர்கள்தான் பழைய வள்ளம் வாங்கி அழிந்தவர்களின் கதையில் வருகிறார்கள். கேட்டுப் பாருங்கள், பத்தையும் கொடுத்துவிட்டுப் பழுதுக்கு வட்டிக்கு வாங்கியிருப்பார்கள். அவர்களைக் கவிழ்த்தது அந்த வட்டிதான், பழி மட்டும் வள்ளத்தின் மேல் விழுந்தது. அந்த மூன்றில் ஒரு பகுதி உயிர்காப்புச் சட்டைக்கும், நல்ல நங்கூரக் கயிற்றுக்கும், எஞ்சின் நின்றால் தள்ளிக்கொண்டு வரத் துடுப்புக்கும் போக வேண்டும். ஆழம் குறைந்த பார்க்கடலில் நங்கூரம் பிடித்து நின்றுவிட்டால் உதவி வரும்வரை உயிர் தங்கும். கடலோரக் காவல்படையின் 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093 இரண்டையும் வள்ளத்தின் உள்பக்கம் பெயின்டால் எழுதிவைக்க ஒரு பைசா செலவில்லை. புது வள்ளத்துக்காகக் கடைசி ரூபாய்வரை புரட்டியவர்களிடம் உயிர்காப்புச் சட்டைக்குக் காசு இருக்காது.

இந்த வாதம் யாருக்குப் பொருந்தாது என்பதையும் சொல்லியாக வேண்டும். குளத்தூரிலும் விளாத்திகுளத்திலும் மிளகாய் விற்ற காசை, உளுந்து விற்ற காசைக் கடலில் போட்டுப் பார்க்கலாமென்று கிளம்புகிற கரிசல்காட்டுக்காரர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு வள்ளத்தின் சரித்திரம் தெரியாது, சொல்ல ஆளும் இல்லை. ஆக்கெர்லாஃப் எச்சரித்தது அவர்களைத்தான். கடலில் கால் வைக்காத ஒருவர் தனியாகப் போய்ப் பழைய வள்ளம் வாங்க வேண்டாம். தொழில் தெரிந்த ஒருவரோடு பங்கு சேர்ந்து, பார்த்து எடுக்கிற பொறுப்பை அவரிடம் விட்டால் மட்டும் யோசிக்கலாம். புதுசே வாங்கு என்ற யோசனை இவர்களுக்குத்தான் ஓரளவு பொருந்தும். தலைமுறை தலைமுறையாகக் கடலில் கிடக்கிற குடும்பங்களுக்கு அதையே தூக்கிக் கொடுத்ததில்தான் கேடு வந்தது.

இந்த யோசனை இவ்வளவு வேரூன்றியதற்கு அதனால் லாபமடைகிறவர்கள் இருப்பதும் ஒரு காரணம். புது வள்ளம் விற்கிற பட்டறைக்கு லாபம், எஞ்சின் முகவருக்கு லாபம், முன்பணம் கொடுத்து மீனைக் கட்டிப்போடுகிறவருக்கு எல்லோரையும்விட லாபம். பழைய வள்ளம் கைமாறுவதால் லாபமடைகிற பெரிய கை எதுவும் இல்லை. ஆகவே அதற்காகப் பேசுகிற ஆளும் இல்லை. கோவில்பட்டியில் பழைய டிராக்டருக்கும் பழைய லாரிக்கும் தவணைக் கடன் தரத் தனியார் நிதி நிறுவனங்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன. பழைய வள்ளத்துக்கு அப்படி ஒரு கதவு எளிதில் திறப்பதில்லை. 2018-19 பட்ஜெட்டில் மீனவர்களுக்கும் விரிவாக்கப்பட்ட கிசான் கடன் அட்டை நடைமுறைச் செலவுக்கானது. அதை வலைக்கும் எரிபொருளுக்கும் வைத்துக்கொண்டால், சேமிப்பை வள்ளத்துக்குத் திருப்ப வழி பிறக்கும்.

அரசிடம் கேட்க வேண்டியது பெரிய திட்டம் ஒன்றும் இல்லை. வேம்பாரிலும் கீழவைப்பாரிலும் வருஷத்துக்கு ஒரு தடவை, மீன்வளத் துறை அலுவலர் ஒருவரும் அவுட்போர்டு தெரிந்த மெக்கானிக் ஒருவரும் கரைக்கே வந்து உட்கார வேண்டும். விற்க நினைக்கிறவர் வள்ளத்தை ஏற்றிவைக்கட்டும், வாங்க நினைக்கிறவர் முன்னால் அடியைத் தட்டி, எஞ்சினை ஓட்டி, இன்ன குறை இருக்கிறது என்று எழுதிக் கொடுத்து, அங்கேயே பெயர் மாற்றத்தையும் முடித்துத் தரட்டும். கூட்டுறவு மீனவர் சங்கங்கள் அந்தச் சான்றை வைத்துச் சிறு கடன் கொடுக்கலாம், வியாபாரியின் முன்பணம் எதுவும் நிற்கவில்லை என்று ஊர்க் கமிட்டி கையெழுத்துப் போடலாம். அந்த முகாமை ஆனி, ஆடி மாதங்களில் வைக்க வேண்டும். கச்சான் காற்றுக்கு வள்ளங்கள் கரையேறிக் கிடக்கிற நேரம் அது. விற்கிறவருக்கும் அப்போதுதான் பணத் தேவை, வாங்குகிறவருக்கும் கவிழ்த்துப் போட்டுப் பழுது பார்க்கப் புரட்டாசிவரை அவகாசம் இருக்கும்.